வாசல் தாண்டிய புரதம் – பகுதி 7

மனித மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ முழுவதும் 1981இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்களால் வரிசை அறியப்பட்டது. மொத்தம் 16,569 கார இணைகள். அவற்றில் புரதம் தரும் மரபணுக்கள் 13 மட்டுமே. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் வேலை பார்க்கும் புரதங்களோ ஆயிரத்துக்கும் மேல். மீதி அத்தனையும் உட்கருவின் மரபணுக்களைக் கொண்டு சைட்டோபிளாசத்தில் உருவாகி, இரண்டு சவ்வுகளைக் கடந்து உள்ளே வந்தாக வேண்டும்.

எப்படி வருகின்றன என்பதில் 1970களில் இரண்டு கட்சிகள் இருந்தன. ஈஸ்ட் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில், புரதம் தயாரிக்கும் ரைபோசோம்கள் ஒட்டியிருப்பதைக் கண்ட ரொனால்ட் பூட்டோவின் குழு, புரதம் உருவாகும்போதே உள்ளே செலுத்தப்படுகிறது என்று கருதியது. நியூரோஸ்போரா என்னும் ரொட்டிப் பூஞ்சையை வைத்து ஆய்ந்த வால்டர் நாய்பெர்ட்டின் குழு, முழுதாக உருவாகி முடிந்த புரதமும் பிறகு உள்ளே போக முடியும் என்று 1977இல் காட்டியது. 1979இல் பாசல் நகரின் காட்ஃப்ரீட் ஷாட்ஸ், நியூயார்க்கின் குந்தர் புளோபெலோடு சேர்ந்து, இந்தப் புரதங்கள் முதலில் சற்று நீளமான முன்னோடிகளாகப் பிறக்கின்றன என்பதைக் கண்டார். அந்தக் கூடுதல் துண்டே வழிகாட்டி. உள்ளே போனதும் அது வெட்டி எடுக்கப்படுகிறது.

உட்சவ்வின் இருபுறமும் உள்ள மின்னழுத்த வேறுபாடு இல்லாவிட்டால் வழிகாட்டித் துண்டு நுழையாது என்பது 1982 வாக்கில் உறுதியானது. 1984இல் ஷாட்ஸின் ஆய்வகத்தில் எட்வர்ட் ஹர்ட் இன்னும் ஒரு படி போனார். சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் நொதியின் நான்காம் துணையலகிலிருந்து வழிகாட்டித் துண்டை எடுத்து, மைட்டோகாண்ட்ரியாவோடு எந்தத் தொடர்பும் இல்லாத எலிப் புரதம் ஒன்றின் தலையில் ஒட்டினார். எலிப் புரதம் ஈஸ்ட் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய்விட்டது.

வழி தெரிந்துவிட்டது. வாசலில் என்ன நடக்கிறது என்பதுதான் தெரியவில்லை.

மருந்து போட்ட பூட்டு

ஹர்ட் எடுத்துக்கொண்ட எலிப் புரதத்தின் பெயர் டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ். இது சுருக்கமாக டிஹெச்எஃப்ஆர் எனப்படும். வெறும் வசதிக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இந்த நொதி, அடுத்த சில ஆண்டுகளில் இந்தத் துறையின் மிகப் பெரிய கேள்விகளுக்கு விடை சொல்லியது. ஆய்வு வரலாற்றில் இப்படி நேர்வது அபூர்வமல்ல. நல்ல கருவி ஒன்று கையில் கிடைத்துவிட்டால், அதற்கேற்ற கேள்விகள் பின்னாலேயே வந்துவிடும்.

டிஹெச்எஃப்ஆருக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. புற்றுநோய்க்கும் முடக்குவாதத்துக்கும் தரப்படும் மெத்தோட்ரெக்ஸேட் என்னும் மருந்து இந்த நொதியைத்தான் பிடித்து முடக்குகிறது. மருந்து நொதியின் குழிக்குள் மிக இறுக்கமாக உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்த பின் நொதியின் மடிப்பு எளிதில் அவிழாது.

ஷாட்ஸின் ஆய்வகத்தில் மார்ட்டின் ஐலர்ஸ் இதைப் பயன்படுத்திக்கொண்டார். வழிகாட்டித் துண்டு ஒட்டிய டிஹெச்எஃப்ஆரைப் பாக்டீரியாவில் வளர்த்துத் தூய்மையாகப் பிரித்தெடுத்தார். அதைத் தனியாக மைட்டோகாண்ட்ரியாவுடன் கலந்தால் உள்ளே போனது. மெத்தோட்ரெக்ஸேட்டைச் சேர்த்துவிட்டுக் கலந்தால் போகவில்லை. வழிகாட்டித் துண்டு அப்படியே இருந்தது. சவ்வின் மின்னழுத்தமும் குறையவில்லை. அதே மருந்தின் முன்னிலையில், டிஹெச்எஃப்ஆர் ஒட்டாத இயல்பான மைட்டோகாண்ட்ரியப் புரதம் தடையின்றி உள்ளே போனது.

1986இல் வெளிவந்த இந்தச் சோதனையின் பொருள் ஒன்றுதான். மடிந்த புரதம் வாசலைத் தாண்டாது. முடிச்சு விழுந்த நூல் ஊசிக் காதில் நுழையாததைப் போல, புரதச் சங்கிலி முதலில் அவிழ வேண்டும். அவிழ்ந்த சங்கிலியாகத்தான் அது இரண்டு சவ்வுகளையும் கடக்கிறது.

நாய்பெர்ட்டின் குழு இதே தந்திரத்தை வேறு விதமாகக் கையாண்டது. நீளமான ஒரு புரதத்தின் வாலில் டிஹெச்எஃப்ஆரை ஒட்டி, மெத்தோட்ரெக்ஸேட்டால் அந்த வாலை மட்டும் பூட்டியது. புரதத்தின் தலை உள்ளே போய் வழிகாட்டித் துண்டும் வெட்டப்பட்டது. பூட்டிய வால் வெளியே சிக்கி நின்றது. ஒரே சங்கிலி இரண்டு சவ்வுகளையும் ஒரே நேரத்தில் ஊடுருவி நிற்பதை இப்படி நிறுத்திவைத்துப் பார்க்க முடிந்தது. அந்த இடைவெளியைத் தாண்டச் சுமார் 50 அமினோ அமில நீளம் போதும் என்று கணக்கிடப்பட்டது. மடிந்த புரதத்துக்கு அங்கே இடமில்லை. சங்கிலி ஏறக்குறைய நீட்டி விறைத்த நிலையில்தான் போகிறது.

இந்த முடிவு ஒரு விடையைத் தந்தது. கூடவே ஒரு சங்கடத்தையும் கொண்டுவந்தது. வெளியே மடிந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் உள்ளே வந்து சேர்வது வடிவமற்ற ஒரு சங்கிலி. வடிவம் இல்லாத நொதி வேலை செய்யாது. அப்படியானால் உள்ளே வந்த ஒவ்வொரு புரதமும் அங்கேயே, அந்த நெரிசலிலேயே, முதலிலிருந்து மடிந்தாக வேண்டும்.

அதை யார் செய்கிறார்கள்?

தானாக மடியும் என்ற நம்பிக்கை

1980களின் நடுவில் பெரும்பாலான உயிர்வேதியியலாளர்களுக்கு இது ஒரு கேள்வியாகவே தோன்றவில்லை. விடை ஏற்கெனவே பாடநூலில் இருந்தது: யாரும் செய்வதில்லை, புரதம் தானாக மடியும்.

அந்த விடைக்குச் சொந்தக்காரர் கிறிஸ்டியன் அன்ஃபின்சன். அமெரிக்காவின் பெதெஸ்டாவில் உள்ள தேசிய சுகாதார நிறுவனத்தில் அவர் ஆய்ந்தது ரிபோநியூக்ளியேஸ் என்னும் சிறிய நொதி. அதில் 124 அமினோ அமிலங்கள், அவற்றை இணைக்கும் நான்கு கந்தகப் பாலங்கள். யூரியாவும் பாலங்களை உடைக்கும் வேதிப்பொருளும் சேர்த்து அந்த நொதியை முழுதாக அவிழ்த்தார். பிறகு இரண்டையும் நீக்கினார். அவிழ்ந்த சங்கிலி தன் பழைய வடிவத்துக்கே திரும்பியது. பாலங்களும் சரியான இடங்களில் சேர்ந்தன. நொதி மீண்டும் வேலை செய்தது. வடிவத்துக்கான எல்லாச் செய்தியும் அமினோ அமில வரிசையிலேயே இருக்கிறது என்பதே அவர் எடுத்த முடிவு. 1972இல் அவருக்கு வேதியியல் நோபெல் பரிசில் பங்கு கிடைத்தது.

அன்ஃபின்சனின் முடிவு இன்றும் தவறல்ல. ஆனால் அந்தச் சோதனை நடந்த சூழலைப் பலர் மறந்துவிட்டார்கள். சோதனைக் குழாயில் புரதம் மிக நீர்த்த கரைசலில் இருந்தது. ஒரு மூலக்கூறு இன்னொன்றை முட்டும் வாய்ப்புக் குறைவு. மைட்டோகாண்ட்ரியாவின் உட்பகுதியோ புரதங்களால் அடர்ந்த கூழ். அவிழ்ந்த சங்கிலியில் நீரை வெறுக்கும் பகுதிகள் வெளியே தெரியும். மடிந்த நிலையில் அவை உள்ளே மறைந்திருக்க வேண்டியவை. அப்படித் திறந்து கிடக்கும் இரண்டு சங்கிலிகள் நெருங்கினால், தத்தம் வடிவத்தைத் தேடிக்கொள்வதற்கு முன்பே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய திரள் கரையாது. அதற்குப் பிறகு அது எந்த வேலைக்கும் உதவாது.

இங்கே ஒரு சிறு நியாயம் செய்தாக வேண்டும். உயிரணுவில் மடிப்புக்கு உதவி தேவைப்படலாம் என்று முதலில் தேடியவர்களில் அன்ஃபின்சனும் ஒருவர். சோதனைக் குழாயில் மடிப்பு மெதுவாக நடப்பதைக் கண்டு, கந்தகப் பாலங்களை மாற்றி அமைக்கும் ஒரு நொதியை அவருடைய குழு 1963இலேயே கண்டெடுத்தது. பாடநூல்கள் அவருடைய பெரிய முடிவை எடுத்துக்கொண்டு இந்தச் சிறிய முடிவை விட்டுவிட்டன.

நியூ ஹேவனில் ஓர் இரவு

கேள்வியை நேராகக் கேட்டவர் மைட்டோகாண்ட்ரியாவை ஆய்வதற்கென்று வந்தவர் அல்லர். நியூ ஹேவனில் உள்ள யேல் பல்கலைக்கழகத்தின் ஆர்தர் ஹார்விச் குழந்தை மருத்துவராகப் பயிற்சி பெற்றவர். அவரை இந்தத் துறைக்கு இழுத்து வந்தது ஒரு நோய்.

உடலில் புரதம் சிதையும்போது அமோனியா உண்டாகிறது. அது நஞ்சு. கல்லீரல் அதை யூரியாவாக மாற்றி வெளியேற்றுகிறது. இந்த மாற்றத்தின் ஒரு படியைச் செய்வது ஆர்னிதைன் டிரான்ஸ்கார்பமைலேஸ் என்னும் நொதி. சுருக்கம் ஓடிசி. அதன் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. எனவே குறை வந்தால் கடுமையாகப் பாதிக்கப்படுவது ஆண் குழந்தைகள். பிறந்த சில நாட்களிலேயே இரத்தத்தில் அமோனியா ஏறி மூளையைத் தாக்கும்.

ஓடிசி வேலை செய்யும் இடம் கல்லீரல் உயிரணுக்களின் மைட்டோகாண்ட்ரியா. சைட்டோபிளாசத்தில் 40,000 டால்டன் எடையுள்ள முன்னோடியாகப் பிறந்து, 32 அமினோ அமிலங்கள் கொண்ட வழிகாட்டித் துண்டால் உள்ளே போய், துண்டு வெட்டப்பட்டதும் 36,000 டால்டனாகச் சுருங்குகிறது. பிறகு இதே போன்ற மூன்று சங்கிலிகள் ஒன்றுசேர்ந்தால்தான் நொதி. ஒற்றைச் சங்கிலிக்கு எந்தத் திறனும் கிடையாது.

ஹார்விச்சின் ஆய்வகம் மனித ஓடிசி மரபணுவை ஈஸ்ட்டுக்குள் வைத்தது. ஈஸ்ட்டுக்கும் சொந்தமாக ஓடிசி உண்டு. ஆனால் அது சைட்டோபிளாசத்திலேயே இருப்பது. அதை நீக்கிவிட்டு மனித நொதியை வைத்தபோது, அது தயங்காமல் ஈஸ்ட்டின் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய், வெட்டப்பட்டு, வேலையும் செய்தது. மனிதனுக்கும் ஈஸ்ட்டுக்கும் இடையே நூறு கோடி ஆண்டுக்கு மேற்பட்ட பிரிவு இருந்தும் வழிகாட்டித் துண்டு புரிந்துகொள்ளப்பட்டது.

இனி ஈஸ்ட்டின் மரபியலைப் பயன்படுத்தலாம். வெப்பநிலை உயர்ந்தால் மட்டும் இறந்துபோகும் பிறழ்வு ஈஸ்ட் வகைகள் பெருந்தொகுப்பாகச் சேர்த்துவைக்கப்பட்டன. ஒவ்வொரு வகையையும் தாழ்ந்த வெப்பநிலையில் வளர்க்க வேண்டும். 37 டிகிரிக்கு ஏற்ற வேண்டும். பிறகு காலக்டோஸ் சர்க்கரையைச் சேர்த்து மனித ஓடிசி மரபணுவை இயக்க வேண்டும். ஓடிசி வேலை செய்யாத வகை எதுவோ, அதில் இறக்குமதிக் கருவியின் ஏதோ ஒரு பகுதி பழுதாகியிருக்கும். மரபணுக்களை இப்படி ஒவ்வொன்றாகப் பிடித்துவிடலாம் என்பது திட்டம்.

திட்டம் வாசலைப் பற்றியது. 1987இன் பிற்பகுதியில் ஓர் இரவு, ஹார்விச்சும் அவருடைய மாணவி மிங் செங்கும் பேசிக்கொண்டிருந்தபோது பேச்சு வாசலைத் தாண்டிப் போனது. இறக்குமதி ஒழுங்காக நடந்தும் நொதி வேலை செய்யாத ஒரு பிறழ்வு இருக்க முடியுமா? சங்கிலி உள்ளே வந்துவிட்டது, துண்டும் வெட்டப்பட்டுவிட்டது, ஆனால் மடியவில்லை என்று ஒரு நிலை உண்டா?

அன்ஃபின்சனின் விதிப்படி பார்த்தால் இருக்கக் கூடாது. மடிப்பதற்கு யாரும் தேவையில்லை என்றால், அந்த வேலையில் பழுதாக யாரும் இருக்க மாட்டார்கள்.

தொகுப்பில் தேடியபோது அப்படி ஒன்று இருந்தது.

வெட்டியும் வேலையில்லை

அந்தப் பிறழ்வு மிஃப்4 என்று பெயர் பெற்றது. 37 டிகிரியில் அதன் ஓடிசி உள்ளே போயிருந்தது. முன்னோடி தேங்கி நிற்கவில்லை. 36,000 டால்டன் எடையுள்ள முதிர்ந்த சங்கிலி இயல்பான அளவில் இருந்தது. நொதியின் செயல் மட்டும் இல்லை.

இந்த இடத்தில் அவசரப்படாமல் இருந்ததுதான் அந்தக் குழுவின் திறமை. ஓடிசி மனிதப் புரதம். ஈஸ்ட்டுக்குள் அந்நியமான ஒன்று மடியாமல் போனதை வைத்து ஈஸ்ட்டைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. ஈஸ்ட்டின் சொந்தப் புரதங்களும் அதே கதிக்கு ஆளாகின்றனவா என்று பார்த்தாக வேண்டும்.

அதற்கு மைட்டோகாண்ட்ரியப் புரதங்களைக் கரைத்துப் பிரித்து அளக்கும் கைத்திறன் தேவைப்பட்டது. அது மியூனிக்கில் நாய்பெர்ட்டின் ஆய்வகத்தில் இருந்தது. அங்கே மருத்துவம் படித்துவிட்டு ஆய்வுக்கு வந்த உல்ரிக் ஹார்ட்ல் என்னும் இளைஞர் இறக்குமதியின் இடைநிலைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். இரண்டு ஆய்வகங்களும் கைகோர்த்தன.

விடை தெளிவாக வந்தது. உயிரணுவுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூற்றை உற்பத்தி செய்யும் நொதிக் கூட்டமைப்பின் பீட்டா துணையலகு மிஃப்4இன் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் வந்தது, வெட்டவும் பட்டது, ஆனால் தன் கூட்டமைப்பில் போய்ச் சேரவில்லை. கரையாத திரளாகக் கிடந்தது. சுவாசச் சங்கிலியைச் சேர்ந்த வேறு புரதங்களும் தத்தம் இடத்துக்குப் போகாமல் பாதியில் நின்றன. ஒன்று கெட்டதால் பலவும் கெட்டன. அப்படியானால் கெட்டுப்போன அந்த ஒன்று ஏதோ ஒரு புரதத்துக்கு மட்டும் துணை நிற்பது அல்ல. உள்ளே வரும் பல புரதங்களுக்கும் பொதுவான ஏதோ ஒன்று.

எல்லாருக்கும் தெரிந்த அந்நியன்

மிஃப்4இல் பழுதான மரபணுவைத் தேடிப் பிடித்தபோது அது ஏற்கெனவே வேறொருவர் கையில் இருந்தது.

ரிச்சர்ட் ஹால்பெர்க், டெட்ரஹைமீனா என்னும் குளத்து ஒற்றைச்செல் உயிரியைச் சூடாக்கி, அப்போது அதிகமாகும் புரதங்களை ஆராய்ந்தவர். அவற்றில் ஒன்று மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருந்தது. அதன் 14 பிரதிகள் சேர்ந்து இரண்டு அடுக்கு வளையமாக நின்றன. ஒவ்வொரு வளையத்திலும் ஏழு. டெட்ரஹைமீனாவின் புரதத்துக்கு எதிராகச் செய்த ஆன்டிபாடி ஈஸ்ட்டிலும், தவளையிலும், மக்காச்சோளத்திலும், மனித உயிரணுக்களிலும் அதே போன்ற புரதத்தைக் காட்டிக்கொடுத்தது. ஈ. கோலி பாக்டீரியாவிலும் காட்டியது. அந்தப் புரதமே ஹெச்எஸ்பி60. மிஃப்4இல் பழுதானது அதன் மரபணு.

பாக்டீரியாவில் இருக்கும் சகோதரப் புரதத்துக்குக் குரோ-ஈஎல் என்று பெயர். 1970களின் தொடக்கத்திலேயே அது அறியப்பட்டிருந்தது, முற்றிலும் வேறு காரணத்துக்காக. பாக்டீரியாவைத் தாக்கும் லாம்டா வைரஸ் பெருக வேண்டுமானால் அதன் தலைப்பகுதி கட்டப்பட வேண்டும். குரோ-ஈஎல் பழுதான பாக்டீரியாவில் வைரஸ் புரதங்கள் உருவாகும், தலை மட்டும் கட்டப்படாது. மின்னணு நுண்ணோக்கியில் ஏழுமடி வளையமும் தெரிந்தது. ஆனால் அது வைரஸ் கட்டுமானத்தின் ஒரு விநோதம் என்றே பல ஆண்டுகள் கருதப்பட்டது. வைரஸுக்காக ஒரு பாக்டீரியா ஏன் இப்படி ஒரு வளையத்தை வைத்துக்கொள்ள வேண்டும் என்று அன்று கேட்டிருந்தால் கதை பத்தாண்டு முன்பே நகர்ந்திருக்கும்.

மூன்றாவது உறவினர் தாவரங்களில் இருந்தது. பசுங்கணிகத்தில் கார்பன் டைஆக்சைடைப் பிடிக்கும் ருபிஸ்கோ நொதியில் பெரிய துணையலகு எட்டு, சிறியது எட்டு. பெரியது தன் கூட்டமைப்பில் சேர்வதற்கு முன் வேறொரு புரதத்தோடு ஒட்டிக்கொண்டு காத்திருப்பதை இங்கிலாந்தின் ஜான் எல்லிஸ் 1980இல் கவனித்திருந்தார். 1988இல் அந்தப் புரதத்தின் வரிசை வெளியானபோது அதுவும் குரோ-ஈஎலின் நெருங்கிய உறவு என்று தெரிந்தது.

பாக்டீரியா, மைட்டோகாண்ட்ரியா, பசுங்கணிகம். பின் இரண்டும் ஒரு காலத்தில் பாக்டீரியாவாக இருந்து வேறு உயிரணுவுக்குள் குடியேறியவை. தங்கள் மரபணுக்களில் பெரும்பகுதியை உட்கருவுக்குக் கொடுத்துவிட்ட பிறகும், மடிப்புக்கான இந்த வளையத்தை இரண்டும் விட்டுவிடவில்லை.

ஹார்விச், ஹார்ட்ல், நாய்பெர்ட், ஹால்பெர்க் ஆகியோரின் கூட்டு ஆய்வு 1989 பிப்ரவரியில் நேச்சர் இதழில் வெளிவந்தது. உள்ளே வரும் புரதங்கள் ஒன்றுகூடுவதற்கு ஹெச்எஸ்பி60 இன்றியமையாதது என்பது அதன் செய்தி.

மடிப்பா, சேர்ப்பா?

ஒன்றுகூடுவதற்கு என்ற சொல்லில் ஒரு எச்சரிக்கை இருந்தது. அதுவரை ஆயப்பட்ட புரதங்கள் பெரும்பாலும் பல துணையலகுகள் சேர்ந்தவை. ஓடிசிக்கு மூன்று. ஏடிபி நொதிக்கு இன்னும் அதிகம். வளையம் செய்வது சங்கிலிகளைச் சேர்த்துவைக்கும் வேலை மட்டுமே, மடிப்பு அதற்கு முன்பே தானாக நடந்துவிடுகிறது என்று ஒருவர் வாதிடலாம். எல்லிஸின் ருபிஸ்கோவும் லாம்டாவின் தலையும் அப்படியே படிக்கத்தக்கவை. அன்ஃபின்சனின் விதிக்குச் சேதாரம் எதுவும் இராது.

இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க ஒற்றைச் சங்கிலியாகவே வேலை செய்யும் புரதம் ஒன்று தேவைப்பட்டது. சேர்வதற்குத் துணை இல்லாதது. மடிவது ஒன்றே அதன் கடமை.

அது ஏற்கெனவே எல்லோருடைய உறைபெட்டியிலும் இருந்தது. டிஹெச்எஃப்ஆர்.

மியூனிக்கில் யோவாகிம் ஓஸ்டர்மனும் ஹார்ட்லும் நியூரோஸ்போரா மைட்டோகாண்ட்ரியாவை எடுத்துக்கொண்டார்கள். வழிகாட்டித் துண்டு ஒட்டிய டிஹெச்எஃப்ஆரை உள்ளே அனுப்பினார்கள். மடிப்பை அளக்க எளிய வழி ஒன்று இருந்தது. மடிந்த டிஹெச்எஃப்ஆர் இறுக்கமானது, புரதத்தைச் சிதைக்கும் நொதியைச் சேர்த்தாலும் தாக்குப்பிடிக்கும். மடியாதது உடனே துண்டு துண்டாகிவிடும். எனவே குறிப்பிட்ட நேரத்தில் மைட்டோகாண்ட்ரியாவை உடைத்து, சிதைக்கும் நொதியைச் சேர்த்து, எஞ்சுவது எவ்வளவு என்று பார்த்தால் போதும்.

முதலில் இயல்பான மைட்டோகாண்ட்ரியா. டிஹெச்எஃப்ஆர் உள்ளே வந்த சில நிமிடங்களில் மடிந்து, சிதைவைத் தாங்கியது.

அடுத்து, உள்ளே இருந்த ஏடிபியைக் குறைத்தார்கள். டிஹெச்எஃப்ஆர் உள்ளே வந்தது. மடியவில்லை. சிதைக்கும் நொதி அதை முழுதாக அழித்தது. அழிவதற்கு முன் அது எங்கே இருந்தது என்று எடையின்படி பிரித்துப் பார்த்தபோது, சின்னஞ்சிறு டிஹெச்எஃப்ஆர் மிகப் பெரிய ஒரு கூட்டமைப்போடு சேர்ந்து நகர்ந்தது. ஹெச்எஸ்பி60 வளையம்.

பிறகு ஏடிபியைச் சேர்த்தார்கள். வளையத்தில் இருந்த டிஹெச்எஃப்ஆர் மடிந்தது.

சேர்ப்பதற்கு இங்கே எதுவும் இல்லை. ஒரே சங்கிலி, ஒரே வளையம், கொஞ்சம் ஏடிபி. உயிரணுவுக்குள் புரதம் மடிவதற்கு இன்னொரு புரதத்தின் துணையும் ஆற்றலும் தேவைப்படுகின்றன என்று நேரடியாகக் காட்டிய முதல் சான்றுகளில் இது ஒன்று. 1989 செப்டம்பரில் வெளிவந்தது. அதே ஆண்டு டிசம்பரில் டியூபாண்ட் நிறுவனத்தின் ஆய்வகத்தில் பியர் கொலுபினாஃப், ஜார்ஜ் லொரிமர் குழு, அவிழ்த்த பாக்டீரிய ருபிஸ்கோவைச் சோதனைக் குழாயிலேயே குரோ-ஈஎல், அதன் சிறு துணை குரோ-ஈஎஸ், ஏடிபி ஆகியவற்றைக் கொண்டு மடித்துக் காட்டியது. உயிரணுவின் மற்ற பாகங்கள் எதுவும் அங்கே இல்லை.

இந்த வரிசையில் மைட்டோகாண்ட்ரியாவுக்குக் கிடைத்த இடம் தற்செயலானது அல்ல. மற்ற பல இடங்களில் புரதம் ரைபோசோமிலிருந்து வெளிவரும்போதே மடியத் தொடங்கிவிடும். தொடக்கம் எது, முடிவு எது என்று பிரித்துப் பார்ப்பது கடினம். மைட்டோகாண்ட்ரியாவின் வாசலோ அவிழ்ந்த சங்கிலியை அவிழ்ந்தபடியே, ஒரு குறிப்பிட்ட நொடியில், ஒரு குறிப்பிட்ட அறைக்குள் விட்டது. மடிப்பு என்பது தனியாக நடக்கும் ஒரு நிகழ்ச்சி என்று அங்கேதான் கண்ணுக்குத் தெரிந்தது. மெத்தோட்ரெக்ஸேட் சோதனை இல்லாமல் மிஃப்4ஐப் பற்றிய கேள்வி பிறந்திருக்குமா என்பது சந்தேகமே.

2011இல் ஹார்ட்லுக்கும் ஹார்விச்சுக்கும் லாஸ்கர் விருது வழங்கப்பட்டது. செங்கும் ஓஸ்டர்மனும் முதல் ஆசிரியர்களாக எழுதிய அந்த இரண்டு கட்டுரைகளே அதற்கு அடித்தளம்.

வளையத்தைக் கட்டுவது யார்?

ஹெச்எஸ்பி60 எங்கிருந்து வருகிறது? அதன் மரபணு உட்கருவில் இருக்கிறது. சங்கிலி சைட்டோபிளாசத்தில் பிறக்கிறது. தலையில் வழிகாட்டித் துண்டோடு, மற்ற எல்லாப் புரதங்களையும் போலவே அவிழ்ந்து, அதே வாசல் வழியாக உள்ளே வருகிறது. உள்ளே வந்ததும் மடிய வேண்டும். மடிந்து 14 பேராகச் சேர வேண்டும்.

1990இல் செங், ஹார்ட்ல், ஹார்விச் மூவரும் மிஃப்4க்குத் திரும்பினார்கள். பழுதில்லாத ஹெச்எஸ்பி60 மரபணுவை அந்த ஈஸ்ட்டுக்குள் வைத்து, அதை இயக்கும் நேரத்தை மாற்றிப் பார்த்தார்கள். தாழ்ந்த வெப்பநிலையில் முன்கூட்டியே இயக்கினால் நல்ல வளையங்கள் உருவாகின. பிறகு 37 டிகிரிக்கு ஏற்றியபோதும் ஈஸ்ட் பிழைத்தது. வெப்பநிலையை ஏற்றி, இருந்த வளையங்கள் செயலிழந்த பிறகு இயக்கினால், நல்ல சங்கிலிகள் உள்ளே வந்தன, ஆனால் வளையமாகச் சேரவில்லை. ஈஸ்ட் இறந்தது.

புதிய ஹெச்எஸ்பி60 உருவாக ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கும் ஹெச்எஸ்பி60 வேண்டும். இன்றைய வளையம் நேற்றைய வளையத்தால் மடிக்கப்பட்டது. மரபணுவை மட்டும் கொடுத்தால் போதாது. மைட்டோகாண்ட்ரியாவை வெறுமையிலிருந்து உயிரணுவால் செய்ய முடியாமல், இருப்பதை வளர்த்துப் பிரித்துத்தான் பெருக்க முடிகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வளையத்துக்குள் என்ன நடக்கிறது என்பது அப்போதும் இருட்டாகவே இருந்தது. டிஹெச்எஃப்ஆர் வளையத்தின் மேற்பரப்பில் ஒட்டியிருந்ததா, நடுக்குழிக்குள் இருந்ததா என்று 1989இன் சோதனைகளால் சொல்ல முடியவில்லை. ஏடிபியின் ஆற்றல் எதற்குச் செலவாகிறது என்பதும் தெரியவில்லை. அணு அளவில் பார்த்தாலொழிய இது தீராது. அதற்கு இவ்வளவு பெரிய கூட்டமைப்பைப் படிகமாக்க வேண்டும். யேலில் ஹார்விச்சின் பக்கத்தில் பால் சிக்லர் என்னும் படிகவியலாளர் இருந்தார். 1994 வரை அந்தப் படிகம் காத்திருக்கச் செய்தது.

படிகத்துக்கு முன்பே துறை இரண்டாகப் பிரிந்துவிட்டது. வளையம் சங்கிலியைப் பிடித்து, தவறான மடிப்பை அவிழ்த்து, சரியான வடிவத்துக்குத் திருப்புகிறது என்றனர் ஒரு சாரார். அது ஒன்றும் செய்வதில்லை, மற்ற சங்கிலிகள் அண்டாத தனியறை ஒன்றைத் தந்துவிட்டு ஒதுங்கி நிற்கிறது, மடிவது அன்ஃபின்சன் சொன்னபடி சங்கிலியேதான் என்றனர் மறு சாரார். வளையம் புரதத்தை மடிக்கிறதா, அல்லது மடிய விடுகிறதா?

(தொடரும்)